ரெண்டு இன்ச் அக்காவின் அடேனியம்

என் அக்காவுக்குத் தெருவில் ‘ரெண்டு இன்ச்’ என்று பெயர். தையல்காரி. சின்னப் பிள்ளைகளுக்கு எது தைத்தாலும் உள்ளே ரெண்டு இன்ச் துணியை மடித்து விடுவாள். பிள்ளை வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அதுவரைக்கும் சரி. ஐம்பது வயதுத் தபால்காரருக்கும் அப்படியே தைத்தால்? அவர் கேட்டதற்கு, ஆள் உயரமாக மட்டும்தான் வளருமா என்று திருப்பிக் கேட்டாள். மனிதர் தொப்பையைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

பட்டோ கம்பளியோ, அக்கா கத்தரி எடுத்தால் ஒரே வீச்சுதான். அதே கை பின்பக்கச் சுவரோரம் இருக்கும் நாற்பது பூந்தொட்டிகளிடம் போனால் பின்வாங்கும். ஒரு கிளையை வெட்ட மனசு வராது. கோலியஸ் நெடுநெடுவென்று வளர்ந்து சரிந்தால் மிச்சத் துணியால் முட்டுக் கட்டி நிறுத்துவாள். குரோட்டன்ஸ் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்பதால் நான் பட்டப்பகலில் விளக்குப் போட்டுச் சமைக்கிறேன். கொஞ்சம் வெட்டேன் என்று சொன்னால் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

அந்தக் கூட்டத்தில் அவளுக்கு உயிர் ஓர் அடேனியம். பானை போல உப்பிய அடி, அதன்மேல் ஒற்றைத் தண்டு, உச்சியில் ரோஸ் பூக்கள். அவள் மகள் ஏழு வயதில் ஐஸ்கிரீம் டப்பாவில் விதை போட்டு முளைக்கவைத்தது. இப்போது மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். பால்கனி வைத்த வீடு கிடைத்துவிட்டது, ரெண்டு மாதத்தில் வந்து என் செடியை எடுத்துப்போகிறேன் என்று போனில் சொன்னாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் செடிக்கு வேளைக்கு ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாக ஊற்றினாள். அடேனியத்துக்கு அவ்வளவு தண்ணீர் ஆகாது என்று நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டால்தானே!

பத்தே நாளில் தண்டின் நுனி குழைந்தது. நர்சரிக்காரர் வந்து அமுக்கிப் பார்த்தார். அழுகல் கீழே இறங்குகிறது, நல்ல சதை தெரியும் வரை வெட்டியாக வேண்டும், அடிக்குள் போய்விட்டால் செடி அவ்வளவுதான் என்றார். அக்கா கழுத்திலிருந்த டேப்பை வைத்து அளந்தாள். அழுகல் முடியும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். கண்ணை இறுக்கிக்கொண்டு வெட்டினாள்.

நான் போய்ப் பார்த்தால், கோட்டுக்கு மேலே ரெண்டு இன்ச் விட்டு வெட்டியிருக்கிறாள். அழுகலுக்குப் போய்த் தையல் பிடிப்பு விட்டவளை என்ன சொல்ல? தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த ரெண்டு இன்ச் சும்மா இருக்குமா? ஒரு வாரத்தில் அழுகல் கோட்டைத் தாண்டி, பானை அடிக்கு ஒரு விரற்கடை தூரத்துக்கு வந்துவிட்டது. மகள் வீடியோவில் செடியைக் காட்டச் சொன்னாள். அக்கா குரோட்டன்ஸைக் காட்டி, வெளிச்சம் சரியில்லை என்று சமாளித்தாள். போனை வைத்ததும் அழுதாள். கோபத்தைப் பாத்திரங்களிடம் காட்டினேன்.

“நீ வெட்டிடேன்,” என்றாள்.

“மாட்டேன். உன் கத்தரி, உன் பொண்ணோட செடி. இந்தத் தடவை மிச்சம் வைக்காம வெட்டு.”

டேப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். சாக்பீஸ் எடுக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. அடியோடு ஒட்ட வெட்டினாள். வெள்ளைச் சதை தெரிந்தது.

மகள் வந்த அன்று தொட்டியில் மொட்டைப் பானை ஒன்று உட்கார்ந்திருந்தது. உச்சியில் உளுந்தளவு மூன்று துளிர்கள். அக்கா குரோட்டன்ஸ் கதை உட்பட எதையும் மறைக்காமல் ஒப்பித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் துளிர்களை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

“ஒண்ணு போய் மூணு வருதும்மா. விடு. எனக்கு ஒரு சட்டை தைச்சுக் குடு, அளவா. நான் இனிமே வளர மாட்டேன்.”

அக்கா சரி சரி என்று தலையாட்டினாள். அன்று மாலையே தைத்து முடித்தாள். அவள் கடையில் ஓர மடிப்புகளைக் கையால் தைத்து எம்மிங் போடுவது என் வேலை என்பதால் சட்டை என்னிடம் வந்தது. உள்பக்கம் திருப்பினேன். இடுப்பிலும் கையிலும் ரெண்டு இன்ச் துணி பத்திரமாக மடிந்திருந்தது.

அதை அப்படியே வைத்து எம்மிங் போட்டேன்.