முதல் வகுப்புக் காத்திருப்பு அறை

எழுபதுகளில் ஒரு கோடைப் பகல். நிறைமாதமாக இருந்த என் மனைவியைப் பிரசவத்துக்காகச் சூளூர்பேட்டையில் அவள் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். ரேணிகுண்டாவில் வண்டி மாற வேண்டும். வண்டியோ தாமதம். நடைமேடைப் பெஞ்சுகளில் இடமில்லை. வீங்கிய கால்களோடு அவள் தூணில் சாய்ந்து நின்றாள்.

எதிரே முதல் வகுப்புக் காத்திருப்பு அறை. உள்ளே ஒரே ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி. கைக்குட்டையால் நாற்காலியைத் துடைப்பார், உட்காருவார், பிடிக்காமல் அடுத்ததற்கு மாறுவார்.

"காட்பாடியில சாய்வு நாற்காலி போட்டுக்கிறான். கூடூர்ல ஃபேனாவது சுத்துது. இங்க இன்னா இருக்குது?" என்று வாசலில் நின்ற பணியாளரைக் கடிந்துகொண்டார்.

எங்களிடம் முதல் வகுப்புச் சீட்டு இல்லாததால் பணியாளர் எங்களை உள்ளே விடவில்லை. நான் பெரியவரிடம் கெஞ்சினேன். "சார், இவ எங்க வூட்டுப் பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"பொய் சொல்ல மாட்டேன்பா."

பிறகு அவள் கால்களைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் எங்கள் பக்கத்தில் நின்றார்.

"நீங்க ஏன் சார்? உள்ள போய் உக்காருங்க."

"இந்தப் பொண்ணு நின்னுக்கினு இருக்கசொல்லோ நான் எப்படிப்பா உக்காருவேன்?"

வண்டி வரும்வரை மூன்று பேரும் நின்றோம். அறை காலியாகவே கிடந்தது.

எவ்வளவு நல்ல மனிதர் என்று என் மனைவி இப்போதும் சொல்வாள். எனக்கு இன்றைக்கும் அவர்மேல் ஆத்திரம்தான் வருகிறது.