குடை விளக்குக்குப் பின்னால்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், எந்தக் கேமரா, ஃப்ளாஷ் போட்டாயா என்று கேட்கிற ஆள் நான். படத்தில் புகை மாதிரி ஏதாவது தெரிந்தால் ஃபிலிமில் வெளிச்சம் புகுந்திருக்கும், அவ்வளவுதான். இப்போதும் அப்படித்தான் சொல்வேன், இந்த ஒரு படத்தைத் தவிர. சிரிப்பதென்றால் முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த சூட்டோடு தி.நகரில் காதர் பாயின் ஸ்டூடியோவில் சேர்ந்திருந்தேன். படத்தில் வேண்டாததை அழிக்க பாய் ஒரு சாஃப்ட்வேர் வாங்கப்போகிறார், எது நல்லது என்று நான்தான் சொல்ல வேண்டும். மூன்று கம்பெனிகளின் சோதனை சிடி வந்திருந்தது, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஒண்ணைச் சொல்லு நைனா, பொண்ணு பாக்குற மாதிரி பாத்துக்கினே கீற" என்று பாய் கிண்டலடித்த அன்று மத்தியானம்தான் மாலதி என்ற அந்த அக்கா வந்தார்.

கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். கையில் தன் கல்யாணப் படம், இடுப்பு வரைக்கும் எடுத்தது. மாலையும் கழுத்துமாக அவரும் மாப்பிள்ளையும், பக்கத்தில் வீடியோக்காரர்கள் கொண்டுவந்து நட்டிருந்த பெரிய வெள்ளைக் குடை விளக்கு.

"இது அப்பா நிக்க வேண்டிய இடம் தம்பி. காதல் கல்யாணம், வர மாட்டேன்னுட்டார். வரவும் இல்லை. கடைசி வரைக்கும் எங்கிட்ட பேசலை, போன மாசம் போயிட்டார். அந்த இடத்துல ஒரு விளக்கு நிக்கிறதைப் பாக்க முடியலை. காலியா இருந்தாலும் பரவால்ல, எடுத்துடுங்க."

முதல் சாஃப்ட்வேர் குடை இருந்த இடத்தில் சேற்றைப் பூசியது. இரண்டாவது பரவாயில்லை, ஆனால் பின்னாலிருந்த பச்சைப் படுதாவின் மடிப்பு அங்கங்கே அறுந்து தெரிந்தது. மூன்றாவதில் சுத்தமாக வந்தது, குடை நின்ற சுவடே இல்லை. ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இவை எதுவும் குடைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்துப் படுதாவை நகலெடுத்து மேலே ஒட்டும், கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவது மாதிரி. படத்தில் இல்லாதது வராது, வர வழியே இல்லை.

சேமித்து மூடினேன். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி திறந்தேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் படம் மேலிருந்து வரிவரியாகத்தான் இறங்கும். பச்சைப் படுதா இறங்கியது, மடிப்பு இறங்கியது, அப்புறம் தலைமுடி இறங்கியது. நரைத்த முடி, நெற்றி, கறுப்புக் கண்ணாடி பிரேம், வெள்ளைச் சட்டை.

"யார்பா இது?" என்றார் பாய்.

"அப்பா" என்றார் அக்கா. அவர் விரல் கம்ப்யூட்டர் கண்ணாடியைத் தொட்டது. நெஞ்சருகே மூடிய அந்த மனிதரின் கையில், விரலிடுக்கில், மஞ்சள் அரிசி. "அட்சதை. போடாமலே வெச்சிருக்கார்."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அவரைப் பாத்திருக்கீங்களா தம்பி?"

"இல்லக்கா."

"அவர் போட்டோ ஏதாவது?"

"எங்கிட்ட ஏதுக்கா?"

"சரி. அப்படியே பிரிண்ட் போடுங்க."

அவர் போனதும், ஸ்கேன் செய்த அசலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். குடை, குடை மட்டும்தான். அதே மூன்றாவது சாஃப்ட்வேரில் மறுபடி மறுபடி அழித்தேன், ஒவ்வொரு தடவையும் வெறும் படுதா. பாய் அந்த சிடியை என் கையிலிருந்து வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டினார். "இது வோணாம்பா. ரெண்டாவதை வாங்கிக்கலாம். அழின்னா அழிக்கணும், ஆளைக் கூட்டியாந்து நிறுத்தக் கூடாது."

நிறம் சரியில்லை என்று ஒதுக்கிய ஒரு பிரிண்ட் இன்றும் என்னிடம் இருக்கிறது. என் கை தவறியிருக்கும், வேறு ஏதோ படம் கலந்திருக்கும் என்று ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். தோளிலிருந்து வளைந்து இறங்குகிறது ஒரு நிழல், குடை விளிம்பின் நிழல். ஃப்ளாஷ் அடித்த அந்த நொடியில் குடைக்குப் பின்னால் நின்றவர் மேல்தான் அது விழ முடியும்.

குடையை நான் அழித்துவிட்டேன். நிழல் இன்னும் அவர் மேலேயே கிடக்கிறது.