வெடியில்லாத சீர்

தைத்து முடித்த ஜாக்கெட்டுகளை நாகஜோதி மந்திரித்த கயிற்றால்தான் கட்டிக் கொடுப்பாள். காளவாசலில் அப்படி ஒரு தையல் கடை வேறு கிடையாது. சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று கயிற்றுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் சொந்தபந்தம் கொண்டுவந்தவை. மகன் முகேஷுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து யாரும் அவள் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்ததில்லை. ஒருவர் தாயத்து கொடுத்தார். ஒருவர் நாக்கில் தடவ வசம்பு கொடுத்தார். இன்னொருவர் சாவி கொடுத்தால் கத்துகிற குரங்கு பொம்மை வாங்கி வந்தார். அது கத்தியதும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போன பையன் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. "நான் இவனப் பாத்துக்கிறேன், நீ போய்ச் செத்த நேரம் தூங்கு" என்று மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வந்ததில்லை. அந்தக் கோபத்தில்தான் கயிறுகளைக் கடைக்கு எடுத்துவந்தாள். நல்ல கெட்டிக் கயிறு, வீணாவானேன்?

"சாமி கோவிச்சுக்கப் போகுது ஜோதி" என்றாள் ஜாக்கெட் வாங்க வந்த ஒருத்தி.

"கோவிச்சுக்கிட்டு வரட்டும். எனக்கும் அதுகிட்ட கேக்க வேண்டியது நெறையா இருக்கு."

முகேஷுக்கு ஏழு வயதாகியும் காதுகுத்து நடக்கவில்லை. கணவரின் அண்ணன் விருமாண்டி ஒருநாள் கடைக்கே வந்தார்.

"குலசாமி கோயில்ல வச்சு, நாலு பேருக்குத் தெரியாம முடிச்சிருவோம்மா. மண்டபம், பிளக்ஸுன்னு போனா பயலப் பாத்து ஊரே பேசும். எம்மக கல்யாணத்துக்கு நிக்கிறா."

"உங்க மகளுக்கு நல்ல மாப்ளயாப் பாருங்க மச்சான். அதுக்காக எம்மகனப் பொட்டிக்குள்ள வச்சுப் பூட்ட முடியாது."

கடையில் இருந்த அவள் கணவர் பாண்டியராஜன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மின்விசிறியைப் பார்த்தார். ஆனால் மறுநாள் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தவர் அவர்தான்.

அந்தப் பக்கத்தில் காதுகுத்து என்றால் அது தாய்மாமன் திருவிழா. பிள்ளையை மடியில் உட்கார வைப்பவன் அவன். கொட்டும் வெடியுமாகச் சீர் கொண்டு வருகிறவனும் அவன். உசிலம்பட்டியில் மினி வேன் ஓட்டும் தம்பி அழகுபாண்டி, "என்ன சீர்க்கா வேணும்? கெடா ஓட்டியாரவா?" என்று கேட்டான்.

"கெடாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். உன் மடி வேணும்டா. அவன் என்னைய விட்டா யாரு மடியிலயும் உக்காரமாட்டான். அன்னைக்கு அம்புட்டு சனத்துக்கு முன்னாடியும் உன் மடியில உக்காரணும்."

இதென்ன பெரிய காரியம் என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே வந்து பையனைத் தூக்கப் போனவன் முழங்கையில் நல்ல கடி வாங்கினான். அதற்கப்புறம்தான் அவனுக்குப் புத்தி வந்தது. ஞாயிறுதோறும் ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கி வந்து, கடைத் தரையில் சம்மணம் போட்டுச் சும்மா உட்கார்ந்தான். கூப்பிடவில்லை, தொடவில்லை. அந்த நேரத்தில் நாகஜோதி மாடிக்குப் போய்த் தூங்கினாள். பிள்ளை பிறந்ததிலிருந்து பகலில் அவள் கண்ணயர்ந்தது அப்போதுதான். கீழே முகேஷ், கையைவிட்டுக் கீழே வைக்காத இஞ்ச் டேப்பால் முதலில் மாமாவின் முட்டியை அளந்தான். பிறகு மீசையை அளந்தான். மழைக்காலத்தில் ஒருநாள் தானாகவே வந்து மடியில் உட்கார்ந்துகொண்டான். கால் மரத்துப்போயும் அழகுபாண்டி அசையவில்லை.

மண்டப வாசலில் முகேஷின் படம் போட்ட பிளக்ஸ் ஆளுயரத்துக்கு நின்றது. "வெடி வேண்டாம். கொட்டு வேண்டாம். தாயத்து வேண்டாம். நீங்கள் வாருங்கள்" என்று அதில் அச்சடிக்கச் சொல்லியிருந்தாள் நாகஜோதி. பிளக்ஸ் கடைக்காரர் நம்பாமல் இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டார்.

அழகுபாண்டியின் கூட்டாளிகளும் நம்பவில்லை. வெடி போடாமல் சீர் இறங்கினால் தாய்மாமனுக்குத்தானே கேவலம்? மாப்ள கூச்சப்படுகிறான், நாம் விட்டுக்கொடுக்கலாமா என்று அவனுக்குத் தெரியாமலே சரவெடி வாங்கி வந்து, மண்டபத்துக்கு முன்னால் தெரு நீளத்துக்கு விரித்துவிட்டார்கள். படியில் நின்ற நாகஜோதி அதைப் பார்த்தாள். உள்ளே முகேஷ் இருந்தான். ஒரு வெடி வெடித்தால் போதும், இத்தனை மாதப் பாடும் மண்ணாய்ப் போகும். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய்ச் சரத்தின் மேலேயே ஏறி நின்றாள்.

"பத்த வைங்கடா, பாப்போம்!"

ஊதுபத்தியோடு நின்றவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "மாமன் கௌரவம்க்கா..."

"அவன் கௌரவம் ஞாயித்துக்கிழம தவறாம எங் கடைத் தரையில உக்காந்துருந்துச்சு. உங்கள்ல எவனாவது வந்து பாத்தீங்களா?"

அழகுபாண்டியே சரத்தைச் சுருட்டி வேனுக்குள் எறிந்தான். தாம்பாளங்கள் சத்தமில்லாமல் வரிசையாக வந்தன. டீக்கடையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னம்மா இது, சீரு எழவு வீட்டுக்கு வர்ற மாதிரி வருது" என்றார் விருமாண்டி.

"எழவு வீட்டுலதான் மச்சான் கொட்டும் வெடியும் சாஸ்தி."

மணையில் உட்கார்ந்த அழகுபாண்டி, இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டான். முகேஷ் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றான். இப்போது அவன் ஓடிவிட்டால், அப்பவே சொன்னோமே என்று சொல்ல மண்டபமே காத்திருந்தது. அவன் ஓடவில்லை. நேராகப் போய் மாமன் மடியில் உட்கார்ந்து டேப்பை இழுத்தான். நாகஜோதிக்குக் கண் நிறைந்து வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

ஆசாரி ஊசியோடு கிட்ட வந்ததும் பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு விறைத்துப்போனான்.

"கையப் பிடிங்க, ஒரு நிமிசந்தான்" என்று இரண்டு பெண்கள் முன்னால் வந்தார்கள்.

"ஒருத்தரும் அவன் மேல கை வைக்கக்கூடாது!" என்று குறுக்கே நின்றாள் நாகஜோதி. "மடியில உக்காந்துட்டான். எனக்கு அது போதும்."

"குத்தாட்டி அது என்னம்மா காதுகுத்து? மாமன் கொண்டாந்த கடுக்கன என்ன செய்ய?" என்று விருமாண்டி எழுந்தார்.

அழகுபாண்டி மடியை அசைக்காமல் தலையை மட்டும் சாய்த்தான். சின்ன வயதில் அவனுக்குக் குத்திய துளைகள் எப்போதோ தூர்ந்துபோயிருந்தன. "ஆசாரி, உங்களுக்கு ஒரு காது வேணும், அம்புட்டுத்தானே? இந்தா இருக்கு, குத்துங்க."

ஆசாரி விருமாண்டியைப் பார்த்தார். பிறகு நாகஜோதியைப் பார்த்தார். அவள் தலையாட்டியதும் குத்தினார்.

அவ்வளவு பெரிய காதில் அந்தப் பொடிக் கடுக்கன் மின்னியது. முகேஷ் தன் காதிலிருந்து ஒரு கையை மெல்ல எடுத்தான். அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தான். பிறகு டேப்பை எடுத்து மாமனின் காதை மேலிருந்து கீழாக அளந்தான்.

நாகஜோதி சனத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எம்மகன் முகேசுக்குக் காதுகுத்து முடிஞ்சிருச்சு. எல்லாரும் சாப்பிட வாங்க. மச்சான், மொதப் பந்தியில நீங்க உக்காருங்க."