அக்கா இருக்காங்களா?

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பிரசவ வார்டில் பதினோரு வருடம் வேலை பார்த்து, எதைப் பார்த்தும் அசராத ஒரு நர்ஸுக்கு.

அவளுடைய கொள்ளுப்பாட்டி இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வயது நூற்றொன்று. ஊருக்கே மருத்துவச்சியாக இருந்தவள். அந்தத் தெருவில் எலியும் பூனையுமாகச் சண்டை போடும் மாமியார், மருமகள் இரண்டு பேரையுமே தட்டி முதல் அழுகை அழ வைத்தது அவள் கைதான். கைராசிக்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும். கண் மங்கிய பிறகும், வாசலில் போகும் கர்ப்பிணியின் நடையைக் காதால் கேட்டே, "இன்னும் பத்து நாள் தாங்கும், போ" என்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நர்ஸ் இந்த வேலைக்கு வந்ததே அவளைப் பார்த்துத்தான்.

அன்று மதியம் அம்மா, தாத்தாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தாள். வீட்டில் நர்ஸ் மட்டும். கொள்ளுப்பாட்டியின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். புடவைகளுக்கு அடியில் கத்தரிக்கோல், நூல்கண்டு, கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்தே வெளுத்துப்போன துணிகள். ஒன்றை எடுத்து முகர்ந்தாள். சோப்பு வாசனை இன்னும் போகவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மணி 2.10.

டொக். டொக். டொக்.

கதவைத் திறந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும் ஓர் ஆள். மூச்சு வாங்க நின்றான். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான்.

"அக்கா இருக்காங்களா?"

"எந்த அக்கா?"

"பிரசவம் பாக்குற அக்கா. வீட்டுல வலி எடுத்துடுச்சு."

பேரன் வயதுகூட இல்லாதவன் நூற்றொரு வயதுக் கிழவியை அக்கா என்கிறானே! அந்தத் துக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அவங்க தவறிட்டாங்க. பன்னெண்டு நாளாச்சு. ஆம்புலன்ஸுக்கு நான் போன் பண்றேன். வீடு எங்க?"

அவன் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

"ஆத்துக்கு அந்தப் பக்கம். தண்ணி ஏறுது. படகுக்காரன் போயிடுவான்... சீக்கிரம் வரச் சொல்லுங்க."

படகா? ஆற்றுக்குப் பாலம் கட்டி நாற்பது வருடம் ஆகிறதே...

அப்போதுதான் தெருவைப் பார்த்தாள். வெயில் கொளுத்தியது. எதிர்வீட்டுக் கொடியில் துணிகள் காய்ந்து விறைத்துக் கிடந்தன. மழை பெய்து ஒரு மாதம் இருக்கும்.

அவன் சட்டையிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

சொட்... சொட்...

வாசல்படி நனையவில்லை.

கதவைச் சாத்தக் கை எழவில்லை.

"அப்போ... நீங்க வர்றீங்களா?"

வார்டில் பதினோரு வருடமாகச் சொல்லிப் பழகிய பதில். பயத்தில் நாக்கு முந்திக்கொண்டது.

"நீங்க முன்னாடி போங்க. நான் வர்றேன்."

அவன் தலையாட்டினான். முதல் தடவையாகச் சிரித்தான்.

உள்ளே, கொள்ளுப்பாட்டியின் அறையில், கட்டில் கிரீச்சிட்டது.

பிறகு செருப்புச் சத்தம்.

சரக்... சரக்...

அவள் திரும்பவில்லை. முடியவில்லை.

சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. காதோரம் ஒரு மூச்சு...

"சொல்லிட்டியேடி... கண்ணு..."

வாசலில் யாரும் இல்லை.

மணி 2.17.

அம்மாவும் தாத்தாவும் திரும்பும்போது அவள் தெருவில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் போக மாட்டேன் என்றுவிட்டாள். நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னாள். வந்தவன் அக்காவைக் கேட்டதுவரைதான் சொன்னாள். அவன் தன்னைக் கூப்பிட்டதையும், தான் என்ன பதில் சொன்னாள் என்பதையும் சொல்ல வாய் வரவில்லை.

தாத்தா கொள்ளுப்பாட்டியின் மூத்த மகன். எண்பத்திரண்டு வயது. கேட்டு முடித்ததும் அவர் முகம் வெளிறிப்போனது. அம்மாவைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு எட்டு வயசு. ஆத்துல வெள்ளம். எனக்கு நெருப்பாக் காய்ச்சல். எங்கம்மா கையை நான் விடவே இல்ல. அப்போதான் அவன் வந்து கதவைத் தட்டுனான்."

"போனாங்களா?"

"இல்லம்மா. 'நீங்க முன்னாடி போங்க, நான் வர்றேன்'னு சொல்லி அனுப்பிட்டாங்க. போகல. படகு கவுந்து அவன் செத்தான். அங்க அவன் பொண்டாட்டியும் புள்ளையும்... காத்திருந்தே போயிட்டாங்க."

தாத்தா இன்னும் குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கப்புறம் எழுபத்து நாலு வருஷமா வந்துட்டுத்தான் இருந்தான். உங்க யாருக்கும் சொல்லல. ஒவ்வொரு தடவையும் அம்மாவை மட்டும்தான் கேப்பான். 'வாங்கக்கா'ம்பான். அம்மா அழுவாங்க, கும்பிடுவாங்க... வர்றேன்னு மட்டும் மறுபடி சொன்னதே இல்ல."

அவர் அவள் கையை இறுகப் பிடித்தார்.

"உன்னை ஒண்ணும் கூப்பிடலையே?"