மூன்று உணவகங்களும் ஒரு நாக்கும்

கடலைப் பார்த்தபடி இருந்த ஓர் உயர்தர உணவகத்தில், எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரின் சட்டை நுனியைப் பிடித்துத் திருப்பி, உள்பக்கத் தையலைப் பார்த்திருக்கிறேன். சட்டை அப்போது அவர் உடம்பில் இருந்தது. அவருக்கு முப்பது வயதுக்கு மேலிருக்கும். மீசை வைத்த, குடும்பஸ்தர் களை கொண்ட மனிதர். நான் ஐம்பதைத் தாண்டியவன். குடித்திருக்கவில்லை. குடிக்காமல் செய்தேன் என்பதுதான் விஷயத்தை இன்னும் மோசமாக்குகிறது என்பது என் மனைவியின் கருத்து.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. கை தானாகப் போய்விடும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலர், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரின் தோள்பட்டை, எதுவும் தப்பாது. கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவரின் முதுகுத் தையல் கோணியிருந்தால் அன்றைக்கு முருகனைச் சரியாகக் கும்பிட முடிவதில்லை.

அந்தமானுக்குப் போய்வந்தவன் என்ற பெயர் கிடைத்துவிட்டதால், விடுமுறை நெருங்கும்போது கம்பெனியில் யாராவது வந்து, "ஏனுங்ண்ணா, அங்க எங்க சாப்படலாமுங்க? நம்ம வசதிக்குத் தக்கன ஒரு எடம் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். நான் மூன்று இடங்களில் சாப்பிட்டவன். மூன்றும் மூன்று வசதிக்காரர்களுக்கானவை. ஆகவே நிபுணன்தான். ஆனால் எங்கே எது நன்றாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தால் வேறு கதைதான் வருகிறது. நாங்கள் அங்கே போனது கடலுக்காக அல்ல. என் மனைவியின் நாக்கைத் தேடிப் போனோம்.

மாசியில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் போய்விட்டது. போகும்போது ருசியையும் மணத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. "வந்துருமுங்க, எப்பன்னுதான் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். சித்திரை போயிற்று, ஆடி போயிற்று. தினமும் காலையில் அவள் அடுப்படியில் நின்று ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவள் முகத்தைப் பார்ப்பேன். வாயைக் கொப்பளித்துவிட்டுக் காப்பி போடப் போய்விடுவாள். எப்படித்தான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"ஈரத் துணியை மெல்லற மாதிரிங்க" என்றாள். "அந்தத் துணி எத்தன கனம்னு உங்களுக்குத்தான் தெரியும்."

சமையலை மட்டும் அவள் யாரிடமும் விடவில்லை. கண்ணளவும் கையளவுமாகப் போட்டு இறக்கிவிட்டு, "உப்பு சரியா இருக்குதுங்களா?" என்பாள். சரிதான் என்பேன். ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலே பீஸை ஒதுக்கித் தள்ளுகிறவன், வீட்டில் எட்டு மாதமாக எல்லாவற்றையும் பாஸ் பண்ணினேன். குழம்பு உப்பாக இருந்த நாளில் மோரை நிறையக் குடித்தேன். உப்பே போடாத நாளில் ஊறுகாய் மேல் திடீர் ஆசை வந்தவன்போல் நடித்தேன். கவலை அதுவல்ல. அவள் பாதி இட்லியில் எழுந்துவிடத் தொடங்கினாள். ரவிக்கைகளை உள்ளே பிடித்துத் தைத்தாள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பிடித்தாள். பசிக்கவில்லையா என்றால், "பசிக்குதுங்க. திங்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்பாள். எதிரே நான்கு பாத்திரம் இருக்கும்.

புதிய வாசனைகள் மூளையைத் தட்டி எழுப்பும் என்று எங்கோ படித்திருந்தேன். நிறையப் படிப்பதில் இருக்கிற ஆபத்து இதுதான். பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு விமான டிக்கெட் எடுத்துவிடுவோம். தீபாவளிக்குக் கம்பெனிகள் மூடி, வேலை செய்கிறவர்கள் ஊருக்குப் போய், திருப்பூர் தெருக்களில் சத்தமே இல்லாமல் இருக்கும் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

"ருசியே தெரியாத ஆளைக் கூட்டிட்டு எதுக்குங்க அவ்வளவு தூரம்? அதுக்கு இங்க பக்கத்துல சேவூருக்குப் போனாப் போதாதா?" என்றாள்.

"சேவூர்ல கடல் இல்லியே."

"கடல்ல என்னத்தைத் திங்கப் போறமுங்க" என்று சொல்லிக்கொண்டே பெட்டியில் பருப்புப்பொடியும் முறுக்கும் எடுத்து வைத்தாள். எனக்குத்தான். வெளிச் சோறு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அவள் முடிவு.

கோயம்புத்தூரில் ஏறி, சென்னையில் மாறி, அந்தமானில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் இன்னொரு தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல்நாள் மதியம், நடுத்தர வசதிக்காரர்களுக்கான இடம். மணலில் நாற்காலி போட்டிருந்தார்கள். பரிமாறுகிறவர்கள் எல்லோரும் ஆமைப் படம் போட்ட டி-ஷர்ட் அணிந்திருந்தார்கள். துணியின் கனத்தை எங்கள் தொழிலில் ஜிஎஸ்எம் என்று சொல்வோம். எண் ஏற ஏறத் துணி தடிமன். இது நூற்றைம்பது தேறாது. இரண்டு சலவையில் ஆமையின் ஓடு வெடித்திருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம்தான். பதினாலு பக்கத்துக்கு உணவுப் பட்டியல். தோசையும் இருந்தது, பீட்சாவும் இருந்தது. எதைக் கேட்டாலும் ஒரே சிவப்புக் குழம்பில் மிதந்து வந்தது. அவள் இரண்டு வாய் வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கலரு நல்லா இருக்குதுங்க" என்றாள், எனக்கு வருத்தமாக இருக்கக் கூடாதென்று. தட்டை என் பக்கம் நகர்த்தினாள். இரண்டு தட்டையும் நானே தின்றேன்.

மறுநாள் பெரிய வசதிக்காரர்களுக்கான இடம். விசாரித்ததில் இருபது பேர் பாராட்டிச் சொன்ன இடம் அது. ஊரிலிருந்தே மேசை சொல்லிவைத்திருந்தேன். அங்கே ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆறு மணிக்கு விளக்கேற்றி, துணியைத் தாமரை மாதிரி மடித்துத் தட்டில் வைத்திருந்தார்கள். கடலில் உயிரோடு இருந்ததை மட்டும்தான் சமைப்பார்கள். சிங்கி இறால்தான் அங்கே விசேஷம். அந்த வாசனைக்கு எந்த மூக்கும் திறந்துகொள்ளும் என்பது என் கணக்கு. சொல்லலாமா என்று நான் பட்டியலை விரித்தபோது அவள் மெல்ல, "ஏனுங்க, இன்னைக்குச் சஷ்டிங்க" என்றாள்.

நாங்கள் தறியில் ஆரம்பித்துப் பனியனுக்கு வந்த குடும்பம். தொழில் மாறியதே தவிர முருகன் மாறவில்லை. சஷ்டியன்று எங்கள் வீட்டில் முட்டை கூட உள்ளே வராது. கல்யாணமான நாளிலிருந்து காலண்டர் பார்க்காமல் நான் ஒரு காரியம் செய்தது அந்த ஒருநாள்தான்.

"பரவால்லீங்க. எனக்குத் தயிர்சோறு போதும். எனக்கு எல்லாம் ஒண்ணுதானே" என்றாள்.

பரிமாறுகிறவர் உள்ளே போய், பேசி, திரும்பி வந்து, செய்துதருவதாகச் சொன்னார். குடை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தட்டு வந்தது. நடுவில் முட்டையளவு தயிர்சாதம். அதன் தலையில் ஒரு இலை. அதன் விலையைச் சொன்னால் கம்பெனியில் என்னை மதிக்க மாட்டார்கள். அவள் அதைச் சின்னக் கரண்டியால் நான்காகப் பிரித்துச் சாப்பிட்டாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வேறெங்காவது பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சட்டை நின்றது. காலர் வைத்தது, இருநூற்றிருபது ஜிஎஸ்எம், நெஞ்சில் எம்பிராய்டரி. கை போய்விட்டது.

அந்த மனிதர் விலகவில்லை. தண்ணீர் ஜாடியை மேசையில் வைத்துவிட்டு, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார் திருப்பூரா?"

ஜார்க்கண்ட்காரர். திருப்பூர் நல்லூரில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் செக்கிங்கில் இருந்தாராம். "அங்கதான் சார் இப்படிப் புடிப்பாங்க. வேற ஊர்ல புடிச்சா அடிப்பாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தையல் எப்படிங்க?"

"கை மடிப்புல லேசா இழுக்குது."

"நானும் பாத்தேன் சார். ரிஜெக்ட் பீஸ்தான்" என்றார், தலையை வருத்தமாக ஆட்டி.

என் மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், தோள் குலுங்க. அந்தச் சிரிப்பை நான் பல மாதமாகப் பார்த்திருக்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு அவரிடம், "நீ எங்க கண்ணு சாப்புடுவே?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார். "படகுத்துறை கிட்டங்க அம்மா. தகரக் கூரை. போர்டு கெடையாது. பனியன் போட்ட ஆளு வெளிய உக்காந்திருப்பாரு. பன்னெண்டு மணிக்கே போயிருங்க. அப்புறம் மீன் இருக்காது."

மூன்றாம் நாள் மதியம் எங்கள் கப்பல். பன்னிரண்டுக்கு முன்பே பெட்டிகளோடு போய் நின்றோம். பனியன் போட்ட ஆள் இருந்தார். நெஞ்சில் இரண்டு ஓட்டை, துவைத்துத் துவைத்துக் கொசுவலை மாதிரி ஆகியிருந்தது. அதன் ஜிஎஸ்எம்மைச் சொல்ல ஏற்ற எண் எங்கள் தொழிலில் இல்லை. உள்ளே அவர் மனைவி சமைத்துக்கொண்டிருந்தார். வங்காளத்திலிருந்து அந்தத் தீவில் வந்து குடியேறிய குடும்பமாம். பட்டியல் எதுவும் இல்லை. உட்கார்ந்தால் சோறு வரும், பருப்பு வரும், கடுகை அரைத்து வைத்த மீன்குழம்பு வரும். எனக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. அவள் முகத்தைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்து, என் தட்டைப் பார்த்தே தின்றேன்.

"மூக்குல ஏறுதுங்க" என்றாள்.

நிமிர்ந்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. கடுகு யாருக்கும் ஏறும், இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் இன்னொரு வாய் எடுத்துவைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். வீட்டில் உப்புக் கல்லை நாக்கில் வைத்துக்கொண்டு நிற்பாளே, அதேபோல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கொஞ்சம் குழம்பை மட்டும் விரலில் தொட்டு வைத்துப் பார்த்தாள்.

"உப்பு ஜாஸ்தி" என்றாள்.

என் தட்டில் கைவைத்து நானும் பார்த்தேன். ஜாஸ்திதான்.

"ஏனுங்க, நெசமாலுமே ஜாஸ்திதானே?"

"ஜாஸ்திதான்" என்றேன். சொல்லும்போது என் குரல் உடைந்து, பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டுபேர் திரும்பிப் பார்த்தார்கள். உப்புக்காக அழுகிற ஆளை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவள் என்னையே பார்த்தாள். "நம்ம ஊட்டுலயும் இப்படித்தான் இருந்துச்சுங்களா?"

"சே, இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"சில நாள். கொஞ்சம்."

அவள் தன் தட்டிலிருந்து மீனின் நடுத்துண்டை எடுத்து, முள்ளைப் பிரித்து, என் தட்டில் வைத்தாள்.

அதற்குள் சமைத்த அம்மாள் வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். ஜாஸ்தி என்ற சொல் இந்தியா முழுக்கப் புரிகிற சொல். நான் விளக்க முயன்றேன். எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் கம்பெனியில் கற்றது. சீக்கிரம் என்று சொல்லத் தெரியும், சரியில்லை என்று சொல்லத் தெரியும், பிரித்து மறுபடி தைக்கச் சொல்லத் தெரியும். பாராட்டுவதற்கு ஒரு சொல் இல்லை. இத்தனை வருடத்தில் தேவைப்பட்டிருக்கவில்லை. இதை நான் அந்தத் தகரக் கூரைக்கடியில்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தபோது வெட்கமாகத்தான் இருந்தது.

கடைசியில் விளக்கியது என் மனைவிதான். வெறும் தட்டை நீட்டினாள். அந்த அம்மாள் சோறு போட்டார். மறுபடியும் நீட்டினாள். மூன்றாம் முறை குழம்புச் சட்டியையே கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. ஒரு சொல்லும் புரியாமல் இரண்டுபேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். படகுத்துறையில் கப்பல் சங்கு ஊதியது. "இருங்க, இந்தப் பருப்பையும் ஒரு வாய் பாத்தர்றேன்" என்றாள். கப்பலைப் பிடிக்கப் பெட்டிகளோடு ஓடினோம். ஓடும்போதே, பருப்பில் சீரகம் போதாது என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஊருக்கு வந்து ஒரு வாரத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நானும் நான் படித்த பாதிப் பக்கமும் சேர்ந்துதான் அவளைக் குணப்படுத்தினோம் என்று கம்பெனியில் சொல்லித் திரிந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்திலிருந்து அவளுடைய அக்கா போன் செய்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன். தீவு எப்படி இருந்தது, சாப்பாடெல்லாம் எப்படி என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

"கடலெல்லாம் நல்லாத்தானுங்கக்கா இருந்துச்சு" என்றாள் என் மனைவி. "சோறுதான் ஒண்ணும் சொல்றாப்பல இல்ல. ஒரு எடத்துல மீன் தின்னோம், அதுலயும் உப்பு. உங்கூரு ஆத்து மீனு பக்கத்துல வருமா? அந்த நாலு நாளைக்கு உங்க ஊட்டுக்கே வந்திருக்கலாமுங்க. அவருக்குத்தான் பாவம், எங்கியாச்சும் போயே ஆகோணும்னு இருந்துச்சு."