மையித்து குளிப்பாட்டுகிறவள் கண்டது

இறந்தவரை, மையித்தை, குளிப்பாட்டும் வேலையில் ஒரு வசதி உண்டு: தண்ணீர் சூடு, தண்ணீர் குளிர் என்று குளிக்கிறவர் ஒரு நாளும் குறை சொல்வதில்லை. குறை சொல்கிறவர்கள் எல்லோரும் கதவுக்கு வெளியே நிற்பார்கள்.

புத்தளத்தில் எங்கள் கரைத்தீவுப் பக்கத்தில் ஒரு பெண் மௌத்தானால் முதலில் பள்ளிவாசலுக்குச் சொல்வார்கள். அடுத்தபடியாக எனக்கும் சக்கீனா ராத்தாவுக்கும் சொல்லி அனுப்புவார்கள். சக்கீனா ராத்தா என்னைவிட மூத்தவர். வாய் பெரிது, கை மெது. இருவருமாகச் சேலையால் மறைப்புக் கட்டி, இலந்தை இலை போட்ட தண்ணீரில் குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி அனுப்பிவைப்போம். மையித்தின் ஐபை, அதாவது குறையை, மூடி மறைக்க வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் சட்டம். உள்ளே கண்டது உள்ளேயே இருக்க வேண்டும். பிறகு ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். சொல்வதற்கு உரியவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பெண் வாசகிகளே, நீங்களும் ஒரு நாள் என்னைப் போன்ற ஒருத்தியின் கைக்கு வரவேண்டியவர்கள்தான். முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

அத்தர் வாசம்

பாலாவி உப்பளத்தில் லொறிக்கு மூட்டை ஏற்றுகிற ஹனீபா நானாவின் மனைவி நைமா. காய்ச்சல், சளி, மூச்சு எடுக்கக் கஷ்டம் என்று படுத்தவள் எழும்பவில்லை. குளிப்பாட்ட உடுப்பைக் கழற்றினால், நெஞ்சைச் சுற்றிப் பழைய சாரம் கிழித்த துணி, சுற்றுக்கு மேல் சுற்றாக இருந்தது. மஞ்சள் வாசமும் அத்தர் வாசமும் கலந்து அடித்தன. கடைசிச் சுற்றைத் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் பிரிக்க முடிந்தது. இடப் பக்கத்தில் மார்பு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. புண்தான் இருந்தது.

எந்த ஜனாஸா வீட்டிலும் வாய் ஓயாத சக்கீனா ராத்தா துணிச் சுற்றுகளை ஒவ்வொன்றாக மடித்து ஓரமாக வைத்தார். எனக்கு அழுகைக்கு முதல் கோபம்தான் வந்தது. ஒரே கூரை, ஒரே குசினி, ஒரே பாய். ஒரு மனிசருக்கும் தெரியாமல் இது எப்படி வளர்ந்தது? வேலை முடிந்து வெளியே வந்தேன். ஹனீபா நானா பிளாஸ்டிக் கதிரையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். அவராகவே சொன்னார்: "கடைசி வருசம் நல்லா அத்தர் பூசினா தங்கச்சி. மனிசி சந்தோசமா இருக்கிறா எண்டு நினைச்சன்."

கதவடியில்

நைமாவுக்கு இரண்டு மகள்மார். மூத்தவள் ரினோசா, முந்தலில் ஒரு தையல் கடையில் வேலை செய்தாள். கணவன் கட்டாரில் இருந்தான். இளையவள் பஸ்லியாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். உம்மாவைக் குளிப்பாட்டும்போது மகள் தண்ணீர் ஊற்றுவது எங்களுக்குள் வழக்கம். அது பிள்ளை செய்கிற கடைசிப் பணிவிடை. ரினோசாவும் அன்று வாளியோடுதான் வந்து நின்றாள். ஆனால் நைமாவின் கூடப்பிறந்த ராத்தா சுலைஹா கதவடியில் கையை நீட்டி மறித்துவிட்டாள். பிள்ளைக்கு மனம் தாங்காது என்றாள். ரினோசா வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

சுலைஹாவுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. மஞ்சள் அரைத்துக் கொடுத்தவளே அவள்தான். நாங்கள் கை கழுவும்போது கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இது வெளிய போனா பஸ்லியாட மாப்பிள்ள வீட்டாக்கள் திரும்பிப் போயிடுவாங்க. நீங்களும் காணயில்ல, நானும் காணயில்ல."

மேரி மிஸ்ஸின் மைக்

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் மேரி மிஸ். யாழ்ப்பாணத்திலிருந்து யுத்த காலத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மார்புப் புற்றுநோயைப் பற்றிப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்று மதரசா மண்டபத்தில் கூட்டம் வைத்தார். நைமா போய்ச் சில மாதம் இருக்கும். நாற்பது பேராவது வரவேண்டும் என்று சக்கீனா ராத்தா வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்துக் கூட்டி வந்தார்.

பள்ளிவாசல் காரியக்காரர் நல்ல மனதோடு ஒரு மைக் பூட்டித் தந்துவிட்டுப் போனார். அந்த வயர் கூரையில் இருக்கிற ஒலிபெருக்கியோடு சேர்ந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. மிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாதத்துக்கு ஒருக்கா குளிக்கிற நேரம் மார்பைத் தடவிப் பார்க்க வேண்டும், கட்டி தென்பட்டாலோ காம்பு உள்ளே இழுபட்டாலோ கிளினிக்குக்கு வரவேண்டும், நோகாத கட்டியைத்தான் கூடக் கவனிக்க வேண்டும் என்றார். கரைத்தீவு முழுக்கக் கேட்டது. முன் வரிசையில் இருந்தவள் துள்ளி எழும்பினாள்: "மிஸ், மைக்க நிப்பாட்டிப் போட்டுச் சொல்லுங்கோ, எங்கட மனிசன்மார் கடையில டீ குடிக்கிறாங்க!"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். பின்னால் இருந்த ரினோசா மட்டும் சிரிக்கவில்லை.

எந்தப் பக்கம்

பஸ்லியாவின் நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. அடுத்த கிழமை ஒரு பகலில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, ரினோசா வந்து பக்கத்தில் நிலத்தில் குந்தினாள்.

"உம்மாவ நீங்கதானே குளிப்பாட்டினீங்க?"

"ஓம்."

"உம்மாக்கு எந்தப் பக்கம்?"

சட்டம் ஒரு பக்கம், சுலைஹா ஒரு பக்கம். பதிலுக்குக் காத்திராமல் அவள் என் கையைப் பிடித்து, சால்வைக்குள்ளால் தன் இடது மார்பில் வைத்தாள். கொட்டைப் பாக்கு அளவில் ஒன்று, அசையாமல் இருந்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். உம்மா மௌத்தாக முந்தியே இருக்குது, தங்கச்சிட நிக்காஹ் முடியட்டும் எண்டு இருந்தன் என்றாள். நான் கண்டது எல்லாவற்றையும், துணிச் சுற்று உட்பட, சொல்லிவிட்டேன்.

பின்னேரம் பயம் பிடித்துக்கொண்டது. மையித்தின் ரகசியத்தை உடைத்துவிட்டேனே என்று சக்கீனா ராத்தாவிடம் ஓடினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏசினார்: "மையித்திட ஐபத்தான் மறைக்கச் சொன்னது. நோய் வருத்தம் ஐபா, மொக்குப் பொம்புள?"

பாலாவிச் சந்தியில் பஸ்

மேரி மிஸ் பார்த்தார், முகம் கறுத்தது, அன்றைக்கே புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கக்கத்துக்கும் பரவியிருந்தது. மார்பை எடுத்தார்கள்; பிறகு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒருத்தி துணைக்குப் போக வேண்டும். மண்டபத்தில் சிரித்த அதே பெண்கள்தான் முறை வைத்துப் போனார்கள், சோறு கட்டிக் கொடுத்தார்கள், அவள் வாந்தி எடுத்த துணியைக் கழுவினார்கள். ஆனால் வாய் மட்டும் திறக்கவில்லை. பாலாவிச் சந்தியில் கொழும்பு பஸ் ஏறும்போது யார் கேட்டாலும் கல்யாண வீட்டுக்குப் போகிறோம் என்றுதான் சொல்வார்கள். ஒரே முகங்களைக் கண்டு கண்டு, கொழும்பில் உங்களுக்கு எத்தனை சொந்தக்காரர் என்று கண்டக்டரே வியந்துபோனார்.

முடி எல்லாம் கொட்டிப்போன பிறகு ஒரு நாள் மேரி மிஸ் பார்க்க வந்து கண் கலங்கி நின்றார். ரினோசா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு அவரைத் தேற்றினாள்: "அழாதீங்க மிஸ். உங்களுக்கு வந்தா விக் தேடி அலையோணும், எனக்கு இந்தப் பர்தா போதும்."

வஸிய்யத்

அடுத்த வருசம் ஈரலில் கண்டது. மஹரகமையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படுக்கையில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவள் ஒரு நாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். வஸிய்யத் சொல்லப் போகிறேன் என்றாள். மௌத்தாகுமுன் சொல்லிவைக்கிற விருப்பத்தை நாங்கள் தட்ட மாட்டோம். நகையை யாருக்குக் கொடுப்பது என்று சொல்லப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"என்னக் குளிப்பாட்டுற நேரம் கதவப் பூட்டாதீங்கோ ராத்தா. பஸ்லியாவ உள்ளுக்கு எடுங்கோ. குடும்பத்துப் பொம்புளையள் பாக்கட்டும். கண்டத வெளியயும் சொல்லுங்கோ, நான் அனுமதி தந்து ஹலாலாக்கிட்டன்."

திறந்த கதவு

அவளைக் குளிப்பாட்டிய அன்று சேலை மறைப்புக்கு உள்ளே பஸ்லியா வாளியோடு நின்றாள். நெஞ்சில் குறுக்காக ஓடிய தையல் தழும்பைக் கண்டதும் வாளி சரிந்து, தண்ணீர் பாதி என் காலில் கொட்டியது. பிறகு அந்தத் தழும்பில் உள்ளங்கையை வைத்தாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. சுலைஹா மறைப்புக்கு அப்பால் நின்றாள். உள்ளே வரவும் இல்லை, இந்தத் தடவை ஒருவரையும் மறிக்கவும் இல்லை.

ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு சுலைஹா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். ஏசப் போகிறாள் என்று நானும் பதிலுக்குத் தயாராகத்தான் போனேன். நைமாவுக்கும் ரினோசாவுக்கும் சேர்த்துக் கேட்க என்னிடம் நிறைய இருந்தது. அவள் முந்தானையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்கும் ஒண்டு இருக்கு. நைமா மௌத்தாக முந்தியே இருக்கு. கிளினிக் எந்த நாளெண்டு மேரி மிஸ்ஸிட்ட கேளு."

செவ்வாய்க்கிழமை என்று மட்டும் சொன்னேன்.

வாடிக்கை குறைய வேண்டும் என்று செவ்வாய்க்கிழமைதோறும் கிளினிக் வாசலில் போய்க் குந்தியிருக்கிற தொழில்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சுலைஹாவையாவது என் கைக்கு வராமல் தடுத்துவிட்டேனா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.