ஹெஸ்டர் மூடிய விரிசல்

1913இல், சாலிஸ்பரி சமவெளியில் இருந்த ஒரு ராணுவ விமானக் கொட்டகையில் இறக்கைகளுக்குத் துணி தைத்தவள் ஹெஸ்டர் போக்காக். அவள் வாய்க்குப் பயந்து சிப்பாய்கள் ஒதுங்கிப் போவார்கள். தம்பி ஆல்பி செத்த பிறகு அந்த வாயும் அடங்கிப்போயிற்று.

பழுதுபார்த்த விமானத்தைச் 'சரி' என்று சொல்லும் அதிகாரியே முதலில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆல்பி செத்த அன்று, 'சரி' சொன்ன கேப்டன் மார்வுட் பல்வலி என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டு, சார்ஜென்ட் ஆல்பியை ஏற்றிவிட்டான். தேவாலயக் கோபுர உயரத்தில் இறக்கை மடிந்தது. உடைந்து கிடந்த இறக்கையின் மரச்சட்டத்தில், விரிசலைச் சுற்றி நாடா கட்டியிருந்ததை ஹெஸ்டர் பார்த்தாள். விசாரணையில் சொன்னாள். தையல்காரி பேச்சை யார் கேட்பார்கள்? ஓட்டியவன் தவறு என்று முடித்துவிட்டார்கள்.

அடுத்த கோடையில் இன்னொரு இறக்கை அவள் மேசைக்கு வந்தது. அதே விரிசல், அதே நாடா.

"துணி தைச்சு மூடிடு ஹெஸ்டர். மத்தியானம் ஜெனரல் வர்றார்" என்றான் மார்வுட்.

"மூடிடறேன் சார்."

அவ்வளவு அழகாக அவள் எதையும் தைத்ததில்லை.

மத்தியானம் விமானத்தில் ஏறப் போனவன் சார்ஜென்ட் டாபின். ஹெஸ்டர் நேராக ஜெனரலின் முன்னால் போய் நின்றாள்.

"சரின்னு சொன்னது கேப்டன் சார்தானே? ஏன் சார், இன்னைக்கும் பல்வலியா?"

மெக்கானிக்குகள் சிரித்தார்கள். ஜெனரல் சிரிக்கவில்லை.

"வழக்கம்னா வழக்கம்தான். ஏறுங்க மார்வுட்."

மார்வுட் ஏறினான். எஞ்சின் உறுமியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனை இறக்கிவிடலாம். ஹெஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். 'போ, போ' என்றது மனசு.

"நிறுத்து! நிறுத்து!"

கத்தியது மார்வுட்தான். தடுமாறி இறங்கினான். "இறக்கையைப் பிரிச்சுப் பாக்கணும்."

ஹெஸ்டர் கத்தரிக்கோலை நீட்டினாள். "நீங்களே வெட்டுங்க சார்."

அவன் தேடவே இல்லை. விரிசலுக்கு நேர் மேலே வெட்டினான். நாடா வெளியே தெரிந்தது. ஜெனரல் அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாயங்காலம், மார்வுட்டைக் காவலில் வைத்துவிட்டார்கள் என்ற சேதியோடு கூட வேலை செய்யும் வின்னி ஓடி வந்தாள். "ஜெயிச்சிட்டேடி! அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?"

ஹெஸ்டர் ஊசியில் நூல் கோத்தாள்.

"இறங்கிட்டானே."